பெங்களூரில் மீட்டர் ரீடர் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கமிருந்து வேலை தேடி வருகிறவர்களும் சரி, அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக்நகர், லிங்கராஜபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களும் சரி, பத்தாவதோ பி.யு.சி.யோ முடித்த கையோடு விசாரிக்கிற வேலைகளில் மீட்டர் ரீடிங்கும் ஒன்று. பெரிய படிப்பு வேண்டாம், முன் அனுபவம் வேண்டாம். ஆனால் ஒரே ஒரு இலக்கத்தைத் தவறாகப் போட்டால் ஒரு குடும்பத்தின் மாதக் கணக்கே புரண்டுவிடும். அதனால் சேருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

மீட்டர் ரீடரின் வேலை சரியாக என்ன?

உங்களுக்கு ஒதுக்கிய தெருக்களில் வீடு வீடாகப் போய் மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணைப் பார்த்து, கைக்கருவியிலோ மொபைல் செயலியிலோ பதிவு செய்து, அங்கேயே பில் அடித்துக் கொடுப்பது. இதைத்தான் ஸ்பாட் பில்லிங் என்கிறார்கள். மின்சாரத்துக்கு பெஸ்காம், குடிநீருக்கு பெங்களூர் குடிநீர் வடிகால் வாரியம், குழாய் எரிவாயுவுக்கு கெயில் கேஸ். மூன்றுக்கும் மீட்டர் வேறு, கணக்கு வேறு. மின்சாரத்தில்தான் ஆட்கள் அதிகம் தேவைப்படுகிறார்கள் என்பதால் இந்தப் பக்கத்தில் அதற்கே அதிக இடம்.

பெங்களூரில் மின் ரீடிங் பெரும்பாலும் மாதத்தின் முதல் பாதியில் முடிந்துவிடும். அந்த நாட்களில் காலை ஏழு, ஏழரைக்கே தெருவில் இறங்க வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். மாதத்தின் பின்பாதி விட்டுப்போன வீடுகள், திருத்தங்கள், புகார் வந்த மீட்டர்களை மறுபடி பார்ப்பது என்று போகும்.

பெஸ்காம் நேரடியாக ஆள் எடுக்கிறதா?

புதிதாக வருகிறவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனங்களின் வழியாக வரும் வேலைதான். நகருக்கு வெளியே, கிராமங்களில் கிராம வித்யுத் பிரதிநிதி என்ற ஏற்பாடு உண்டு. அந்தப் பகுதி இளைஞர்களே ரீடிங் எடுத்து பில் கொடுப்பார்கள்.

வேலை இருக்கிறதா என்று விசாரிக்கச் சரியான இடம் உங்கள் பகுதியின் சப்-டிவிஷன் அலுவலகம். நகரத்துக்குள் இவற்றுக்கு எஸ், ஈ, என், டபிள்யூ, சி என்ற எழுத்தோடு ஒரு எண் சேர்ந்த பெயர் இருக்கும். உங்கள் வீட்டு மின் பில்லின் மேல்பகுதியிலேயே எந்த சப்-டிவிஷன் என்று அச்சாகியிருக்கும். அங்கே போய் இந்தப் பகுதியின் ரீடிங் ஒப்பந்தம் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். ஏற்கெனவே உங்கள் தெருவுக்கு வரும் ரீடரிடம் கேட்பது இன்னும் வேகமான வழி; யார் விலகப் போகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

கையில் இருக்க வேண்டியவை: எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் பட்டியல், ஆதார், பான், வங்கிப் பாஸ்புக், இரண்டு சக்கர வாகன உரிமம். போலீஸ் சரிபார்ப்புச் சான்றும் கேட்பார்கள். அதற்கு கர்நாடக அரசின் சேவா சிந்து இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டு முகவரியில் ஆதார் இருந்தால் வாடகை ஒப்பந்தத்தின் நகலையும் சேர்த்து வையுங்கள்.

பணம் கட்டினால் பெஸ்காமில் நிரந்தர வேலை என்கிறார்களே?

நம்ப வேண்டாம். பணம் வாங்கிக்கொண்டு நிரந்தரம் ஆக்கித் தரும் அதிகாரம் எந்த ஒப்பந்தக்காரருக்கும் கிடையாது. மின் துறையின் நிரந்தர இடங்கள் வெளிப்படையான அறிவிப்பின் வழியேதான் வரும். உதாரணத்துக்கு, கர்நாடக மின் கடத்தல் கழகமான கே.பி.டி.சி.எல். 2024 அக்டோபரில் ஜூனியர் பவர்மேன், ஜூனியர் ஸ்டேஷன் அட்டெண்டன்ட் என 2,975 இடங்களை அறிவித்தது. எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண்தான் அடிப்படை, அதோடு 8 மீட்டர் மின்கம்பம் ஏறுவது உள்ளிட்ட உடல்தகுதித் தேர்வு. கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இதில் எங்கேயும் இடைத்தரகருக்கு வேலையே இல்லை.

கருவிக்கான வைப்புத்தொகை என்று சில இடங்களில் கேட்பார்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் நிறுவனத்தின் முத்திரையோடு ரசீது, திருப்பித் தரும் நிபந்தனையும் எழுத்தில். வாய்ச்சொல்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கன்னடம் தெரியாமல் முடியுமா?

பேச்சளவில் சமாளிக்கலாம், அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தமிழே போதும் என்று தோன்றும். ஆனால் ரூட் உங்கள் விருப்பத்துக்குக் கிடைக்காது. மல்லேஸ்வரமோ ராஜாஜிநகரோ கொடுத்துவிட்டால் வாசலில் நின்று "மீட்டர் ரீடிங் மாடக்கே பந்திதீனி" (ரீடிங் எடுக்க வந்திருக்கிறேன்), "மீட்டர் எல்லிதே?" (மீட்டர் எங்கே இருக்கிறது?), "நாயி கட்டாக்கி" (நாயைக் கட்டிப் போடுங்கள்) என்று தயங்காமல் சொல்ல வர வேண்டும். பெரியவர்களை அம்மா, சார் என்று கூப்பிட்டு, வாக்கியத்தின் முடிவில் "ரீ" சேர்த்துப் பேசுங்கள். கதவு திறப்பதும் திறக்காததும் அந்த மரியாதையில்தான் இருக்கிறது.

படிப்பதுதான் முக்கியம். பில் கன்னடத்திலும் அச்சாகிறது. பழைய பேட்டைகளில் கதவு எண்ணைக் கன்னட எண்ணிலேயே எழுதியிருப்பார்கள். பத்து இலக்கங்களையும் முதல் வாரத்திலேயே பழகிவிடுங்கள். மேலே சொன்ன நிரந்தர வேலைக்கும் இதே கன்னடம்தான் வாசல்.

சம்பளம் எப்படி? எதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

இரண்டு முறை உண்டு: மாதச் சம்பளம், அல்லது எடுக்கும் ரீடிங் ஒன்றுக்கு இவ்வளவு என்று. இரண்டாவது முறையில் சேருவதானால் கணக்குப் போடாமல் தலையாட்டக் கூடாது. 4,000 இணைப்புகளை 15 நாளில் முடி என்றால் ஞாயிறு விடாமல் உழைத்தாலும் தினம் 267. ஒரே படிக்கட்டின் அடியில் எட்டு மீட்டர் இருக்கும் ஈஜிபுரா மாதிரி நெருக்கமான இடத்தில் அது முடியும். வீட்டுக்கு வீடு கேட்டும் காவலாளியும் உள்ள லேஅவுட்டில் அதில் பாதி எடுப்பதே பெரும்பாடு. ஆகவே எத்தனை இணைப்பு என்று மட்டும் கேட்காமல், எந்தப் பகுதி என்றும் கேளுங்கள். சரி என்று சொல்லும் முன் ஒரு காலை அந்தத் தெருக்களில் நடந்து பார்த்துவிடுங்கள்.

பெட்ரோல், சிம் டேட்டா, பில் காகிதச் சுருள் யார் செலவு? பூட்டிய வீட்டுக்கு இரண்டாம் முறை போனால் காசு உண்டா? தவறான ரீடிங்குக்குப் பிடித்தம் எவ்வளவு? கருவி தொலைந்தால்? இவை நான்கும் வாய்ப்பேச்சில் நிற்கக் கூடாது.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் உங்கள் உரிமை. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்கள் இ.எஸ்.ஐ.க்குள் வருவார்கள், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். பி.எஃப்.க்கு உங்கள் பக்கத்துப் பிடித்தம் 12 சதவீதம். பிடித்தம் ஆனால் மட்டும் போதாது, கட்டப்படவும் வேண்டும். பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணை வாங்கி, உமாங் செயலியில் இரண்டாம் மாதமே பாஸ்புக்கைப் பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து பாஸ்புக்கில் வரவு இல்லாவிட்டால் அப்போதே கேட்க வேண்டும். ஒரு வருடம் கழித்துக் கேட்டால் ஒப்பந்தக்காரரே மாறியிருப்பார்.

எலக்ட்ரானிக் மீட்டரில் எண்கள் மாறி மாறி ஓடுகின்றன. எதை எழுதுவது?

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். திரை முதலில் எல்லாக் கட்டத்திலும் 8 காட்டும். அது திரைச் சோதனை. பிறகு மீட்டரின் வரிசை எண், தேதி, நேரம், மொத்த யூனிட், அதிகபட்ச லோடு, வோல்டேஜ், கரன்ட் என்று வரும். சில மீட்டர்களில் சென்ற மாத யூனிட்டும் வரும். வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்களுக்கு வேண்டியது வலது ஓரத்தில் கே.டபிள்யூ.ஹெச். என்ற குறியோடு வரும் நடப்பு மொத்தம். கே.டபிள்யூ. என்று மட்டும் இருந்தால் அது லோடு. சென்ற மாதத்தின் எண்ணும் அதே கே.டபிள்யூ.ஹெச். குறியோடுதான் வரும் என்பதால், ஒரு முழுச் சுற்று ஓடவிட்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெரியது எதுவோ அதுதான் நடப்பு. பொத்தான் இருந்தால் அழுத்தி ஒவ்வொன்றாக நகர்த்தலாம்.

எழுதும் முன் மூன்றைச் சரிபாருங்கள். மீட்டரின் வரிசை எண் கருவியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா? பில்லில் உள்ள இணைப்பு எண்ணான ஆர்.ஆர். எண் சரியா? புது ரீடிங் பழையதைவிட அதிகமா? அடுக்குமாடியின் மீட்டர் பலகையில் பன்னிரண்டு மீட்டர் வரிசையாக இருக்கும். பெயின்ட் அடித்த பிறகு வீட்டு எண் சீட்டை இடம் மாற்றி ஒட்டியிருப்பார்கள். சீட்டை நம்பாமல் வரிசை எண்ணை நம்புங்கள்.

தசமப் புள்ளிக்குப் பிறகு உள்ளதை விட்டுவிட வேண்டும். 04827.6 என்றால் 4827. புள்ளி மங்கிப்போய் 48276 என்று போட்டால் ரீடிங்கே பத்து மடங்காகி, பில் எங்கேயோ போய்விடும். திரையைப் பக்கவாட்டில் பார்த்தால் 3 எட்டாகவும் 1 ஏழாகவும் 5 ஆறாகவும் தெரியும். வெயில் அடித்தால் கையால் மறைத்துக்கொண்டு நேருக்கு நேர் நின்று படியுங்கள். புகைப்படம் எடுக்கும்போது எண்ணும் மீட்டரின் வரிசை எண்ணும் ஒரே படத்தில் விழ வேண்டும். நாளைக்குத் தகராறு வந்தால் உங்களைக் காப்பாற்றுவது அந்தப் படம்தான்.

பழைய சக்கர மீட்டரில்?

சிவப்புக் கட்டத்துக்குள் இருக்கும் கடைசி இலக்கம் தசமம்; எழுதக் கூடாது. ஒரு இலக்கம் இரண்டு எண்ணுக்கு நடுவில் நின்றால் சின்ன எண்ணையே எடுங்கள். ஐந்து இலக்க மீட்டர் 99,999ஐத் தாண்டியதும் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். சென்ற மாதம் 99,870, இந்த மாதம் 00145 என்றால் 130ஐயும் 145ஐயும் கூட்டி 275 யூனிட். கருவியில் இதற்கான 'டயல் ஓவர்' நிலையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ரீடிங் குறைவு என்று பிழை காட்டும். அந்தப் பிழையைத் தாண்ட வேண்டுமென்று எதையாவது போட்டுவிடக் கூடாது.

கடை, பட்டறை, சோலார் வைத்த வீடு?

மூன்று பேஸ் மீட்டரில் யூனிட்டோடு அதிகபட்ச லோடும், பவர் ஃபேக்டரும் கேட்பார்கள். பெரிய இணைப்பில் கரன்ட் நேரடியாக மீட்டருக்குள் போகாது, கரன்ட்டைக் குறைத்துக் காட்டும் சி.டி. (கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்) வழியாகப் போகும். 100/5 சி.டி. என்றால் பெருக்கும் எண் 20. ரீடிங் வித்தியாசம் 43 என்றால் 860 யூனிட். இந்தப் பெருக்கலைக் கருவி செய்துகொள்ளும். நீங்களே பெருக்கி எழுதினால் இரண்டு தடவை பெருகிவிடும்.

கூரையில் சோலார் உள்ள வீட்டில் பெஸ்காமிடமிருந்து வாங்கிய இறக்குமதி, பெஸ்காமுக்கு அனுப்பிய ஏற்றுமதி என்று இரண்டு எண். இரண்டையும் அதனதன் கட்டத்தில் போட வேண்டும். இன்வெர்ட்டர் பக்கத்தில் தனியாக ஒரு உற்பத்தி மீட்டர் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஏற்றுமதி என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. வீடு பகலிலேயே செலவழித்தது போக மிச்சம்தான் ஏற்றுமதி என்பதால், ஏற்றுமதி ஒருநாளும் உற்பத்தியைத் தாண்டாது. அதை வைத்தே சரிபார்த்துக்கொள்ளலாம்.

வீடு பூட்டியிருந்தால்?

'டோர் லாக்' என்று போட்டால் முந்தைய மாதங்களின் சராசரியில் பில் வரும். அது தற்காலிக ஏற்பாடுதான். மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையோ இன்னொரு தடவை போய்ப் பாருங்கள். கேட்டில் உங்கள் வருகையைக் குறிப்பிடும் சீட்டு வைத்துவிட்டு வாருங்கள். வீடு காலி, மீட்டர் ஓடவில்லை, மீட்டர் எரிந்துவிட்டது: ஒவ்வொன்றுக்கும் தனி நிலைக்குறி உண்டு. உள்ளே ஃபேன் சுற்றுகிறது, மீட்டரின் சிவப்பு விளக்கு மின்னவே இல்லை என்றால் அது காலி வீடு இல்லை, ஓடாத மீட்டர்.

போகாமலே, வீட்டில் உட்கார்ந்து போன மாதத்து யூனிட்டை ஒட்டி ஒரு எண்ணைப் போடுவதை மட்டும் செய்யவே கூடாது. இரண்டு மூன்று மாதம் வண்டி ஓடும். பிறகு உண்மையான ரீடிங் வரும்போது மொத்த வித்தியாசமும் ஒரே பில்லில் அந்தக் குடும்பத்தின் தலையில் இறங்கும். கூலி வேலை செய்கிற வீட்டில் அந்தப் பில் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

கிருஹ ஜோதி திட்டத்தில் 200 யூனிட் பற்றி எல்லோரும் என்னிடமே கேட்கிறார்களே?

கேட்பார்கள், பதில் தெரிந்திருக்க வேண்டும். இது வீடுகளுக்கு இலவச மின்சாரம் தரும் கர்நாடக அரசின் திட்டம், 2023 ஜூலை மாத உபயோகத்திலிருந்து நடைமுறைக்கு வந்தது. ஒரு வீட்டின் 2022-23 சராசரியோடு 10 சதவீதம் சேர்த்து இலவச அளவு நிர்ணயித்தார்கள். சராசரி 48 யூனிட்டுக்கும் குறைவான வீடுகளுக்குப் பின்னர் 10 சதவீதத்துக்குப் பதில் 10 யூனிட் கூடுதல் என்று மாற்றினார்கள். இலவச அளவைத் தாண்டி 200க்குள் இருந்தால் தாண்டியதற்கு மட்டும் கட்டணம். 200ஐத் தாண்டினால் அந்த மாத முழு பில்லும் கட்ட வேண்டும்.

இதனால்தான் உங்கள் தேதி முக்கியம். நாளொன்றுக்கு 6.4 யூனிட் செலவாகும் வீட்டில் 30ஆம் நாள் எடுத்தால் 192. மூன்று நாள் தள்ளிப் போனால் 211. அந்த வாசலில் நின்று பதில் சொல்லப் போகிறவர் நீங்கள். எனவே ரூட் வரிசையை உங்கள் வசதிக்கு மாற்றாதீர்கள். போன மாதம் ஐந்தாம் தேதி போன தெருவுக்கு இந்த மாதமும் ஐந்தாம் தேதியே போங்கள்.

"அண்ணா, கொஞ்சம் குறைச்சுப் போடுங்க" என்றால்?

மறுத்துவிடுங்கள், கோபப்படாமல் காரணத்தைச் சொல்லி. 230 ஓடிய வீட்டுக்கு 198 என்று போட்டால் 32 யூனிட் மீட்டரில் அப்படியே நிற்கும். ஆறு மாதத்தில் 192. ஏழாம் மாதம் வேறு ஆள் வந்து சரியான எண்ணைப் போட்டால் ஒரே பில்லில் 422. மீட்டரை ஏமாற்ற முடியாது, தள்ளிப்போடத்தான் முடியும் என்று சொன்னால் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் புரிந்துகொள்வார்கள். பில் பணத்தையும் கையில் வாங்காதீர்கள். ஆன்லைனிலோ கவுன்டரிலோ கட்டச் சொல்லுங்கள்.

மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று சண்டைக்கு வந்தால்?

மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்குச் சிவப்பு விளக்கு எத்தனை முறை மின்னும் என்று அச்சிட்டிருக்கும். 3200 என்பது பரவலாகக் காணப்படுவது. வீட்டில் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லுங்கள். விளக்கு மின்னுவது நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஏதோ ஒன்று இன்னும் ஓடுகிறது, அல்லது வயரிங்கில் கசிவு. பிறகு 2000 வாட் கீஸரை மட்டும் போட்டால் 3200 மீட்டரில் நிமிடத்துக்குச் சுமார் 107 முறை மின்ன வேண்டும். வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தில் கொஞ்சம் முன்பின் இருக்கும். இருமடங்கு மின்னினால்தான் கவலை. இது வீட்டுக்காரரின் மனநிறைவுக்கான பார்வை மட்டுமே. முறையான சோதனை சப்-டிவிஷனில் எழுதிக் கொடுத்து, மீட்டர் டெஸ்டிங் பிரிவு வந்து செய்ய வேண்டியது. 1912க்கும் புகார் செய்யலாம்.

சீல் உடைந்திருக்கிறது, திருட்டு என்று சந்தேகம். என்ன செய்வது?

வாசலில் எதுவும் பேசாதீர்கள். படம் எடுத்து, குறிப்பெழுதி, சப்-டிவிஷனுக்குத் தெரிவியுங்கள். மின் திருட்டு 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவில் வரும் குற்றம். விசாரிப்பதும் கணக்கிடுவதும் அதிகாரம் பெற்ற அலுவலர்களின் வேலை. தனியாகப் போய் எதிர்த்து நின்று அடி வாங்க வேண்டியதில்லை. வீட்டு இணைப்பில் கீழ்த்தளத்தில் டீக்கடை, மேலே பி.ஜி. என்று மாறியிருந்தாலும் இதேபோல் அமைதியாகக் குறிப்பெழுதுங்கள். அது அனுமதியற்ற பயன்பாட்டைப் பற்றிய 126ஆம் பிரிவு சம்பந்தப்பட்டது.

உள்ளே விட மறுத்தால்?

அதே சட்டத்தின் 163ஆம் பிரிவு, அங்கீகாரம் பெற்ற ஆள் நியாயமான நேரத்தில், வீட்டில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு மீட்டரைப் பார்க்க நுழையலாம் என்கிறது. மறுத்தால் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்து 24 மணி நேரம் கழித்து மின்சாரத்தைத் துண்டிக்க நிறுவனத்துக்கு அதிகாரம் உண்டு. நிறுவனத்துக்குத்தான், உங்களுக்கு இல்லை. அடையாள அட்டை கழுத்தில் தெரியட்டும். இன்றிரவு கரன்ட் கட் என்று குறுஞ்செய்தி அனுப்பிப் பணம் பறிப்பவர்களால் மக்கள் பயந்து போயிருக்கிறார்கள். அட்டையைக் கேட்டால் கோபிக்காமல் காட்டுங்கள்.

குடிநீர் மீட்டர் எப்படி?

மீட்டர் வீட்டு முன்பக்கக் குழியில், இரும்பு மூடிக்கு அடியில் இருக்கும். விரல் விட்டுத் தூக்காதீர்கள். வளைந்த கம்பி ஒன்று பையில் இருக்கட்டும், குழியில் தேளும் பாம்பும் அடைவதுண்டு. கண்ணாடியில் சேறோ நீராவியோ படிந்திருந்தால் துடையுங்கள். உள்பக்கம் பனித்திருந்தால் சாய்த்து டார்ச் அடித்துப் படிக்க வேண்டும். கறுப்பு இலக்கங்கள் கிலோலிட்டர், சிவப்பு அதற்கும் கீழே. கறுப்பில் 00347, சிவப்பில் 582 என்றால் 347 மட்டும். சென்ற மாதம் 329 என்றால் 18 கிலோலிட்டர், அதாவது 18,000 லிட்டர். வீடுகளுக்கு 8, 25, 50 கிலோலிட்டரில் கட்டணப் படி ஏறும் என்பதால் ஒரு இலக்கப் பிழையும் பெரிய தொகையாகும்.

எல்லாக் குழாயும் மூடியிருந்தும் முகப்பிலுள்ள சின்ன நட்சத்திரச் சக்கரம் சுற்றினால் மீட்டருக்கு அப்பால் கசிவு, அல்லது சம்ப்பின் (தரையடித் தொட்டியின்) மிதவை வால்வு பழுது. வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். 2024 அக்டோபர் 16இல் தொடங்கிவைக்கப்பட்ட காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 775 எம்.எல்.டி. (நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர்) நீரை நகரின் ஓரத்து 110 கிராமங்களுக்கென்று கொண்டுவந்தது. அந்தப் பகுதிகளில் புது இணைப்பும் புது மீட்டரும் வருகின்றன. குடிநீர்ப் பக்கம் வேலை தேடுகிறவர்கள் அங்கே விசாரிப்பது நல்லது.

எரிவாயு மீட்டர்?

சமையலறையிலோ பின்பக்கப் பால்கனியிலோ இருக்கும், கனமீட்டரில் ஓடும். கறுப்பு இலக்கங்களை மட்டும் எடுங்கள். உள்ளே போக வேண்டியிருப்பதால் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவது அவசியம். வாயு வாடை அடித்தால் ரீடிங்கை மறந்துவிடுங்கள்: சுவிட்சைத் தொடாமல் வால்வை மூடி, ஜன்னலைத் திறந்து, எல்லோரையும் வெளியே அழைத்து, அவசர எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

ஆபத்துகள் என்ன?

முதலில் கரன்ட். மீட்டர் பெட்டியைத் திறப்பதும் வயரைத் தொடுவதும் உங்கள் வேலை இல்லை. மழை நாளில் இரும்புப் பெட்டியில் மின்சாரம் பாய்ந்திருக்கலாம். ரப்பர் அடி ஷூ இல்லாமல் அருகே போகாதீர்கள். அடித்தள வாகன நிறுத்தத்தில் தண்ணீர் நின்றால் இறங்கவே வேண்டாம், ஒரு நாள் ரீடிங் போனால் போகட்டும்.

அடுத்தது நாய். கேட்டைத் தட்டி, பதில் வந்த பிறகே உள்ளே கால் வையுங்கள். கடித்தால், சின்னக் கீறல் என்றாலும், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி தொடங்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். ஆழமான காயத்துக்கு இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும். வேலை நேரத்துக் காயம் என்பதால் மேற்பார்வையாளருக்கு அன்றே எழுத்தில் தெரிவியுங்கள், இ.எஸ்.ஐ. பயனுக்கு அது ஆதாரம்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

டார்ச், பவர் பேங்க், உலர்ந்த துணி, தண்ணீர், ஒரு சின்ன நோட்டு, கருவிக்கு மழை உறை, இரண்டு உபரிச் சுருள். சுருளைத் தலைகீழாகப் போட்டால் வெள்ளைத் தாள்தான் வரும். நகத்தால் கீறிப் பாருங்கள், கறுக்கும் பக்கம்தான் அச்சுப் பக்கம். வண்டி இருக்கைக்கு அடியில் வெயிலில் வைத்தால் சுருள் முழுக்கக் கறுத்துப்போகும். பிரிண்டர் இணைப்பு அடிக்கடி விட்டுப்போனால் பெரும்பாலும் காரணம் பிரிண்டரின் பேட்டரி இறங்கியிருப்பதுதான்.

பெண்கள் சேரலாமா?

தாராளமாக. பகலில் வீட்டில் தனியாக இருக்கும் பெண்கள் ஒரு பெண் ரீடருக்குத் தயங்காமல் கதவு திறப்பார்கள். உண்மையான சிரமம் கழிப்பறை. ரூட் கிடைத்த முதல் நாளே பொதுக் கழிப்பறை, அங்கன்வாடி, பெட்ரோல் பங்க் எங்கெங்கே என்று பார்த்து வையுங்கள்.

ஸ்மார்ட் மீட்டர் வந்தால் இந்த வேலை இருக்குமா?

குறையும். 2025 பிப்ரவரி 15 முதல் பெஸ்காம் பகுதியில் புதிய, தற்காலிக இணைப்புகளுக்கு ஸ்மார்ட் மீட்டர் கட்டாயமானது. அது ரீடிங்கைத் தானே அனுப்பும். பழைய இணைப்புகள் மாறும்வரை ஆட்கள் தேவை. ஆனால் இருபது வயதில் சேருகிறவர் இதை வாழ்நாள் வேலையாக எண்ணிச் சேரக் கூடாது என்பதே எங்கள் கருத்து.

இரண்டு மூன்று வருடம் இதில் இருக்கும்போதே அடுத்த படிக்கு ஏற வேண்டும். மீட்டர் பொருத்துவது, சோதிப்பது, மாற்றுவது ஆகியவற்றுக்கு மின்துறைத் திறன் கவுன்சிலின் 'கன்ஸ்யூமர் எனர்ஜி மீட்டர் டெக்னீஷியன்' பயிற்சி இருக்கிறது. ஸ்மார்ட் மீட்டரைப் பொருத்தவும் ஆள்தானே வேண்டும், தெருவையும் வீட்டையும் அறிந்தவருக்கு அங்கே மதிப்பு உண்டு. நேரம் ஒதுக்க முடிந்தவர்களுக்கு இரண்டு வருட ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் படிப்பே சிறந்த முதலீடு. அதற்குப் பிறகு சோலார் நிறுவல், அடுக்குமாடிப் பராமரிப்பு, தொழிற்சாலை என்று வழிகள் விரியும். பத்தாவது மதிப்பெண் நன்றாக இருந்தால் பவர்மேன் அறிவிப்புக்காகக் கன்னடத்தையும் உடலையும் இப்போதிருந்தே தயார் செய்யுங்கள்.

விலகும்போது என்ன செய்ய வேண்டும்?

கருவி, பிரிண்டர், சார்ஜர், அடையாள அட்டை ஆகியவற்றை ஒப்படைத்து, வரிசை எண்ணோடு ரசீது வாங்குங்கள். அந்த ரசீது இருந்தால்தான் வைப்புத்தொகையைத் தைரியமாகக் கேட்கலாம். அனுபவச் சான்றிதழில் வேலையின் பெயரும் தேதிகளும் இருக்கிறதா என்று பாருங்கள். பி.எஃப். கணக்கை மூடாமல் அதே யு.ஏ.என். எண்ணையே புது இடத்தில் கொடுங்கள். உங்கள் ரூட்டில் ஓடாத மீட்டர், மாறிப்போன சீட்டு, கடிக்கிற நாய் உள்ள வீடுகளை ஒரு தாளில் எழுதி அடுத்து வருகிறவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.